வாயை மட்டும் அசைத்தவர்கள்

என் கடைக்கு நேர் எதிரே பள்ளிக்கூடம். நடுவில் ஒரு ரோடு, ஒரு வேப்பமரம், ஒரு காம்பவுண்டுச் சுவர். ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று பதினோரு வருஷமாக இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் மெஷின் சூடாகிற நேரமும் எதிரே தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்குகிற நேரமும் ஒன்று. ஆக, பிரேயர் எனக்கும் சேர்த்துத்தான்.

தினமும் ஒரே விபத்துதான் நடக்கும். மைக் முன்னால் நிற்கிற பெண் தனக்கு வாய்த்த உயரத்தில் எடுப்பாள். சளி பிடித்திருந்தால் கீழே, உற்சாகமாக இருந்தால் எங்கோ மேலே. பாதிக்கு மேல், பாட்டு ஏறுகிற இடத்தில், கூட்டம் நாலாகப் பிரியும். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் கத்துவார்கள், எட்டாம் வகுப்பு பாதியில் நிறுத்தும். ஒன்பது, பத்துப் பையன்கள் வாயைத் திறக்கவே மாட்டார்கள். பள்ளிக்கூடப் பிரேயர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். நான் படித்த பள்ளியிலும் அப்படித்தான் இருந்தது.

2021 டிசம்பரில் ஓர் அரசாணை வந்தது. தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த ஆணை. பாடும்போது எழுந்து நிற்க வேண்டும் என்பதைத்தான் செய்தியில் பெரிதாகப் போட்டார்கள். பள்ளிக்கு அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவன் நான். இந்தத் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம், கைக்கு வருகிற காகிதத்தை எல்லாம் படித்துவிடுவேன். முல்லைப்பாணி, அதாவது மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 வினாடிகளில் பாடப்பட வேண்டும் என்று அதில் இருந்தது.

மோகனமா? இவ்வளவு நாள் நான் கேட்டுக்கொண்டிருந்தது மோகனமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 200 நாள் என்று வைத்தாலும் பன்னிரண்டு வருஷத்தில் 2,400 தடவை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து வெளியே வருகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ராகத்தை ஏறக்குறைய 2,400 தடவை பாடியிருக்கிறது, இல்லையென்றால் பாடுவதுபோல் நின்றிருக்கிறது. பரம்பரை பரம்பரையாகப் பாடுகிற வீட்டில்கூட ஒரு ராகத்துக்கு இவ்வளவு சாதகம் நடக்குமா தெரியவில்லை. இவ்வளவுக்குப் பிறகும், "தம்பி, நீ இப்போ பாடினது ஐந்து சுரத்தில் உள்ள ஒரு ராகம், ச ரி க ப த, அவ்வளவுதான்" என்று அந்தப் பிள்ளையிடம் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என்னிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னது வேறு. ஆறாம் வகுப்பில் ஆண்டுவிழாக் குழுப்பாட்டுக்கு ஒத்திகை. பன்னிரண்டு பேர் நின்றோம். சொல்லிக்கொடுத்த ஆசிரியை வரிசையாகக் காது வைத்துக் கேட்டுக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். "நீ நல்லா சிரிச்ச முகமா இருக்க, இங்கயே நில்லு. ஆனா சத்தம் வேணாம், வாயை மட்டும் அசை." கொடுமையாக ஒன்றும் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து இன்று வரை நான் வாயை மட்டும்தான் அசைக்கிறேன். மகளைத் தூங்க வைக்கும்போதுகூடப் பாட மாட்டேன், போனில் போட்டுவிடுவேன்.

ஊர் ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. பெயரைச் சொன்னால் ஒரு டீச்சருக்குத் தொந்தரவு வரும், அதனால் வேண்டாம். ஆனால் இது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வது முக்கியம். வண்டியை எடுத்தால் சற்று நேரத்தில் நரசிங்கம்பேட்டை. நாதஸ்வரம் செய்கிற ஊர். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இடித்த பழைய வீடுகளின் உத்தரத்திலிருந்து எடுத்த ஆச்சா மரத்தைக் கடைந்து செய்வார்கள். புது மரம் ஆகாது. கொஞ்சம் தள்ளினால் நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை. இன்னொரு பக்கம் திருவையாறு, அங்கே அரசு இசைக் கல்லூரி. இப்படி இசை கொட்டிக் கிடக்கிற மண்ணில், நாதஸ்வரத்தைக் கையில் தொட்டுப் பார்த்த பிள்ளை எங்கள் பள்ளியில் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒருவன். அவன் அப்பா தவில்காரர்.

எங்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் இல்லையா என்றால், இருக்கிறார். பாட்டுதான் இல்லை.

இது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் ஒரு டீச்சர் கடைக்கு வருவார். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் என்று கட்டுக்கட்டாகக் கொண்டு வந்து ஜெராக்ஸ் எடுப்பார். ஆபீஸ் உதவியாளர் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் தன் சொந்தச் சான்றிதழ்களை நகல் எடுக்கக் கொடுத்தார். கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும்போது கண்ணில் பட்டது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வு, இசை, கீழ்நிலை. அடுத்தது மேல்நிலை. அதற்கடுத்து ஆசிரியர் பயிற்சிச் சான்று.

"நீங்க பாட்டு டீச்சரா மேடம்?"

"பேருக்கு," என்றார். "ரெண்டு செட் போதும் சார்."

2012-ல் தமிழ்நாடு முழுவதும் 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை, தோட்டக்கலை, வாழ்வியல் திறன் எல்லாம் ஒரே மூச்சில். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ன் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கிற பள்ளியில் கலை, உடற்கல்வி, பணிக்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று இருக்கிறது. அதன்படி நடந்த நியமனம். வாரம் மூன்று அரை நாள். சம்பளம் மாதம் 5,000 ரூபாயில் தொடங்கி, ஏழாயிரம், பத்தாயிரம் என்று நகர்ந்து, 2024-ல் 12,500 ஆனது. மே மாதத்துக்குப் பல வருஷம் சம்பளமே கொடுக்கவில்லை. மே மாதத்தில் பகுதிநேர ஆசிரியருக்குப் பசிக்காது என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். சேர்ந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் இதற்குள் வேலையை விட்டும், ஓய்வு பெற்றும், இறந்தும் போனார்கள்.

நிரந்தரப் பணியிடத்தின் கதை இன்னும் சின்னது. 2017-ல் சிறப்பாசிரியர்களுக்குத் தேர்வு வைத்தபோது ஓவியம், தையல், உடற்கல்வி, இசை எல்லாம் சேர்த்து 1,325 இடம். இசைக்கு ஒதுங்கியது நூறுகூட இல்லை.

டீச்சர் வருகிற மூன்று அரை நாளில் யார் லீவோ அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்வார். யாரும் லீவு இல்லை என்றால் எமிஸ் பதிவு, அதாவது பிள்ளைகளின் விவரத்தைக் கல்வித்துறை இணையதளத்தில் ஏற்றுகிற வேலை. அதுவும் முடிந்தால் என் கடை. அவர் யாரைப் பற்றியும் குறை சொன்னதில்லை, நான்தான் சொல்கிறேன். ஆள் பற்றாக்குறையில் திணறுகிற பள்ளிக்குக் கையில் கிடைத்த ஆளை ஓட்டையில் செருகத்தான் தோன்றும். பாட்டுக்காக வந்தவர் எல்லா ஓட்டைக்கும் பொருந்தினார். பாட்டு வகுப்பு என்று ஒன்று இல்லாததை யாரும் ஓட்டை என்றே எண்ணவில்லை.

2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது என்னையும் பெற்றோர் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். கடை எதிரே இருப்பதால் கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்பது முக்கியத் தகுதி. ஒரு கூட்டத்தில் எழுந்து, பாட்டுக்கு வாரம் ஒரு பீரியட் வேண்டும் என்றேன். ஒரு நாளைக்கு எட்டு, வாரத்துக்கு நாற்பது, அதில் ஒன்று. தலைமையாசிரியை, நல்ல மனுஷி, "ஆசைதான் சார். பத்தாவது ரிசல்ட் குறைஞ்சா யாரைக் கேப்பாங்க?" என்றார்.

அங்கேதான் நான் சொதப்பினேன். இன்டர்நெட்டில் படித்ததை எல்லாம் அடுக்கினேன். இசை கற்றால் மூளை வளரும் மேடம், கணக்கு நன்றாக வரும், மொசார்ட் கேட்டால் ஐ.க்யூ. கூடும், வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். இரண்டு பேர் தலையாட்டினார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த சயின்ஸ் வாத்தியார், வயசு முப்பது இருக்கும், மெதுவாகச் சொன்னார்: "சார், அந்த மொசார்ட் ஸ்டடில இருந்தது மொத்தமே முப்பத்தாறு காலேஜ் பசங்க."

கடைக்கு வந்து தேடினேன். அவர் சொன்னது சரி. 1993-ல் நேச்சர் இதழில் வந்த சின்னக் கட்டுரை. முப்பத்தாறு மாணவர்கள், பத்து நிமிஷம் மொசார்ட், பிறகு காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது மாதிரியான புதிர்கள். கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். கால் மணி நேரத்தில் அந்தப் பலன் போய்விட்டது. குழந்தைகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனால் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். நம் ஊரில் இலவசத்தைக் கிண்டல் செய்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இன்னும் தோண்டினேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களைப் பார்த்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. பள்ளியில் இசை எடுத்தவர்கள், அதிலும் வாத்தியம் வாசித்தவர்கள், கணக்கிலும் அறிவியலிலும் ஆங்கிலத்திலும் முன்னால் இருந்தார்கள். அப்பாடா என்று இருந்தது. மறுவருஷமே இன்னொன்று. 54 ஆய்வுகளை, ஏறக்குறைய 7,000 பிள்ளைகளின் விவரத்தை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், ஒழுங்காக நடத்திய சோதனைகளில் இசைப் பயிற்சியால் மற்றப் பாடத் திறமை கூடியதாகத் தெரியவில்லை என்றார்கள். பாட்டும் மார்க்கும் ஒரே பிள்ளையிடம் இருப்பது வேறு, பாட்டால் மார்க் வருவது வேறு. எங்கள் தெருவில் கார் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளும் நன்றாகத்தான் மார்க் எடுக்கிறார்கள்.

இரண்டு நாள் ஆளே சோர்ந்துபோய் இருந்தேன். பிறகு ஒரு கேள்வி வந்தது, அதன்பிறகு சோர்வு போய்விட்டது. கணக்குப் போட்டால் குரல் நன்றாக வரும் என்று சொல்லி யாராவது கணக்கு வாத்தியார் போஸ்ட்டுக்கு மனுப் போடுகிறார்களா? கணக்கு கணக்குக்காகவே இருக்கிறது. பாட்டு மட்டும் ஏன் கணக்குக்குக் கைத்தடியாக வந்தால்தான் உள்ளே விடுவோம் என்கிறோம்? கைத்தடி என்று சொல்லி உள்ளே விட்டால், அதைவிட நல்ல கைத்தடி கிடைத்த அன்று வெளியே தள்ளிவிடுவார்கள். பாட்டுக்கு வக்காலத்து வாங்குகிற நண்பர்கள் எல்லோருக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். மார்க்கைக் காட்டிப் பாட்டை விற்காதீர்கள். நான் விற்றுப் பார்த்தேன், முப்பத்தாறு காலேஜ் பசங்க என்று ஒருவர் சொன்னதும் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் உண்டு, பதிவெழுதத் தொடங்கிய நாள்முதல் பழக்கம். அவரிடம் போனில் இதைப் புலம்பினேன். மனுஷனுக்கு என் பிரச்சினையே விளங்கவில்லை.

"சங்கீதம் பாடம்தானே. நான் ஓ.எல்.லுக்குச் சங்கீதம்தான் எடுத்தனான். ஏன், உங்களிட்ட இல்லையே?"

இல்லை என்றேன். கர்நாடக சங்கீதத்தின் தலைநகரத்திலிருந்து சொல்கிறேன், இல்லை. இலங்கையில் ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்று ஏதாவது ஓர் அழகியல் பாடம் எல்லோருக்கும் உண்டு. பிறகு நண்பர் சொன்ன ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சைக்கு அதையே விருப்பப் பாடமாக எடுக்கலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் என்றே ஒரு வினாத்தாள். போதாததற்கு 1931-ல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகத் தனித் தேர்வும் நடத்துகிறது. "சோதினைக்குப் பாடமாக்கினது எல்லாம் மறந்துபோச்சு," என்றார் நண்பர். ஆனால் போனில் பின்னால் ஓடிய பாட்டைக் கேட்டு, அது என்ன ராகம் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவர் பாடகர் இல்லை, ரசிகர் என்றுகூடச் சொல்ல முடியாது. லாரி உதிரிபாகம் விற்கிறவர். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான். உதிரிபாகம் விற்கிறவருக்குக் காது இருக்க வேண்டும்.

நம்மிடம் இல்லை என்று சொன்னது முழு உண்மை இல்லை. கேள்வித்தாளில் இருக்கிறது. தமிழ் யூனிட் டெஸ்ட் பேப்பர் டைப் அடிப்பவன் நான். 'ஏழிசையின் தமிழ்ப் பெயர்களை எழுதுக.' குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். பிள்ளைகள் தடதடவென்று எழுதிவிடுவார்கள். என் மகளும் எழுதுவாள். இளி எப்படி ஒலிக்கும் என்று கேட்டேன். "ஒலிக்குமா?" என்று கேட்டாள். இயல், இசை, நாடகம் என்று முத்தமிழை மேடைக்கு மேடை முழங்குகிறோம். அதில் நடுத்தமிழ், பிள்ளைகளைப் பொறுத்தவரை, ஒரு மதிப்பெண் வினா.

இதை டீச்சரிடம் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. ஜெராக்ஸ் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "சிலப்பதிகாரத்துல மாதரி என்ன பண்ணுவா தெரியுமா சார்?" என்றார். தெரியாது. மதுரைக்கு வெளியே ஆயர்சேரி. தயிர் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏதோ கெட்டது வரப்போகிறது என்று பயம். கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த மாதரி, ஏழு பெண்களைக் கூப்பிட்டு வட்டமாக நிறுத்துகிறாள். நீ குரல், நீ துத்தம், நீ கைக்கிளை என்று ஆளுக்கொரு சுரத்தின் பெயரை வைத்துக் குரவை ஆட விடுகிறாள். அவர்கள் எடுக்கிற பண் முல்லைத் தீம்பாணி. அதைத்தான் மோகனம் என்கிறார்கள். அரசாணையில் இருந்த முல்லைப்பாணி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாடு மேய்க்கிற வீட்டுப் பெண்கள், கையில் வாத்தியம்கூட இல்லாமல், ஆளே சுரமாக நின்று பாடியிருக்கிறார்கள். இதைவிட மலிவான பாடத்திட்டம் உண்டா?

அடுத்த கூட்டத்தில் நான் ஆராய்ச்சியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "மேடம், ஒரே ஒரு வாரம். பிரேயரை மட்டும் பாட்டு டீச்சர் கையில கொடுங்க," என்றேன். காசில்லாத கோரிக்கை என்பதால் சரி என்றுவிட்டார்.

திங்கட்கிழமை கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் கேட்டருகே நின்றேன். டீச்சர் போனில் சுருதிப்பெட்டி ஆப் ஒன்றைத் திறந்து மைக் பக்கத்தில் வைத்தார். நாலரைக் கட்டை என்று சுருதியின் உயரத்தை வைத்தார். ம்ம்ம் என்று சும்மா முனகச் சொன்னார், வார்த்தை வேண்டாம். முதலில் சிரிப்பு. டீச்சர் கண்டுகொள்ளவில்லை, சுருதி ஓடிக்கொண்டே இருந்தது. சிரிப்பு அடங்கிய இடத்தில் முனகல் ஒன்று கூடி வந்தது. பிறகு ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பக்கம் திரும்பி மைக்கிலேயே சொன்னார்: "குரல் உடைஞ்சவங்க எல்லாம் இந்தப் புள்ளைங்க கூட மேல ஏற வேணாம். கீழ் ஸ்தாயில பாடுங்க. உடைஞ்சது இல்லடா, இறங்கியிருக்கு. அதுவும் குரல்தான்."

ஆண்பிள்ளைகள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று பதினோரு வருஷமாக எனக்குத் தோன்றிய பதில், திமிர். பதிமூன்று வயதில் ஒருநாள் காலை எழுந்தால் தன் குரல் தன்னிடம் இல்லை, தெரிந்த உயரத்துக்குப் போனால் கீச்சிடுகிறது, பக்கத்தில் நிற்பவன் சிரிக்கிறான். அவனிடம் கீழே இன்னொரு படி இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் இல்லாததால்தான் அவன் வாயை அசைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அன்றைக்குக் கீழ் ஸ்தாயியில் ஒரு முப்பது நாற்பது குரல் எழுந்தது. இரைச்சல் போல, பஸ் ஸ்டாண்டில் என்ஜின் ஓடுவது போல. அதன்மேல் பெண்பிள்ளைகளின் குரல். ரொம்ப அழகு என்று பொய் சொல்ல மாட்டேன், இரண்டு இடத்தில் தள்ளாடியது. ஆனால் ஒரே பாட்டாக இருந்தது. முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை, அது தட்டுகிற இடமும் இல்லை. வரிசை கலையச் சற்று நேரம் பிடித்தது.

அந்த வாரமே டீச்சருக்கு வியாழக்கிழமை கடைசி பீரியட் கிடைத்தது, ஏழாம் வகுப்பு. மைதானத்தில் ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி மாதரியின் வேலையைத் தொடங்கினார். தாரம் என்று பெயர் கிடைத்த பெண்ணைப் பார்த்துப் பையன்கள் சிரித்த சிரிப்பை நான் சொல்ல வேண்டியதில்லை. மோகனத்தில் உழை, தாரம் இரண்டு சுரத்துக்கும் வேலை கிடையாது. ஐந்து பேர் மாறிமாறிப் பாட, இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பையன்களுக்குத் தகிட தகிட என்று மூன்றன் நடைக்குக் காலைப் போடுகிற வேலை. பத்து நிமிஷம் போன பிறகு தாரம் கேட்டாள்: "மிஸ், எனக்கு எப்ப வரும்?"

இனி கொஞ்சம் கசப்பான பேச்சு. பள்ளியில் இசை வேண்டும் என்று எழுதினாலே யாராவது வந்து, ஆர்வம் இருக்கிற பிள்ளைகளைத் தனியாகப் பாட்டு கிளாஸில் சேர்க்கலாமே என்பார்கள். சேர்க்கலாம், எந்த வீட்டில், எந்தத் தெருவில் என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கத்தில் சங்கீதத்துக்கு ஒரு தெரு உண்டு, நாதஸ்வரத்துக்கு ஒரு தெரு உண்டு, பறைக்கு ஒரு தெரு உண்டு. எந்தப் பிள்ளை எதைத் தொடலாம் என்பது பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அக்ரஹாரத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிற வீட்டுத் திண்ணை ஏற என் மகள் தயங்குவாள். பறையடிக்கிற பையன் பள்ளிக்கு வந்தால் அதை மறைப்பான், அது சாவுக்கு அடிப்பது என்று மற்றவர்கள் சொல்வார்கள். இந்த மூன்று தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்கிற இடம் எங்கள் ஊரில் ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு எதிரில்தான் நான் கடை வைத்திருக்கிறேன். அங்கே சொல்லிக்கொடுக்கவில்லை என்றால் வேறு எங்கும் நடக்காது. கர்நாடக சங்கீதம் மட்டும்தான் இசை என்று சொல்லவும் நான் வரவில்லை. தவில்காரர் பையன் மேசையில் தட்டுகிற கணக்கு கணக்கு வாத்தியாருக்கே புரியாது. அவனை அடக்கி உட்கார வைப்பதற்குப் பதில் அவனையே ஒரு பீரியட் எடுக்கச் சொல்லலாம். டீச்சர் சொன்னார், அவன் எடுத்தான். முதல் தடவையாக அந்த வகுப்பில் அவனுக்கு 'சார்' பட்டம்.

கலைத் திருவிழா நடக்கிறதே என்பார்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கிறது, நல்ல விஷயம். பறையும் சிலம்பாட்டமும் மேடை ஏறின, கலையரசன் கலையரசி என்று பட்டம் கொடுக்கிறார்கள். சான்றிதழ் லேமினேஷன் எல்லாம் என் கடையில்தான். ஆனால் போட்டி, ஏற்கெனவே தெரிந்தவனைக் கண்டுபிடிக்கும். தெரியாதவனுக்கு அது சொல்லிக்கொடுக்காது. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பாடத் தெரிந்த நாலு பேர் கையைத் தூக்குங்கள் என்று கேட்கிறார்கள். மீதி நானூறு பேர் கைதட்டும் கூட்டம். நான் கேட்பது அந்த நானூறு பேருக்கு.

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-ல் பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வி கட்டாயம் இருக்க வேண்டும் என்றே சொல்லியிருக்கிறது. அதை யாரும் மறுக்கவில்லை. பீரியட் ஒதுக்கவும் இல்லை.

இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் இசையாசிரியன், யாழாசிரியன், குழலாசிரியன், தண்ணுமை ஆசிரியன் எல்லோருக்கும் என்ன தகுதி வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். இன்றைய நோட்டிபிகேஷன் தோற்றுவிடும். மாதவி அரங்கேறியபோது ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன். ஆசிரியர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று அவர் எழுதவில்லை. மே மாதம் பிடித்தம் செய்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இப்போதைய நிலவரம் இவ்வளவுதான். வியாழக்கிழமை பீரியட் இருக்கிறது. இரண்டு முறை ஸ்பெஷல் கிளாஸ் அதை விழுங்கிவிட்டது, மூன்றாவது முறை பிள்ளைகளே போய்க் கேட்டு வாங்கினார்கள். பிரேயரில் சுருதி வைக்கும் வேலையை டீச்சர் வராத நாட்களில் ஒன்பதாம் வகுப்புப் பெண் செய்கிறாள். டீச்சரின் சம்பளத்திலும் வேலை நாளிலும் ஒரு மாற்றமும் இல்லை. அதற்கு ஒரு தீர்மானம் போட்டு அனுப்பினோம், டைப் அடித்தது நான், பதில் வரவில்லை.

இன்னொன்று, லேப் பீரோவின் பின்னால் ஒரு ஆர்மோனியப் பெட்டி கிடைத்தது. எப்போதோ ஒரு நிரந்தரப் பாட்டு டீச்சர் இருந்திருக்கிறார், அவர் ஓய்வு பெற்றபோது இடம் நிரப்பப்படவில்லை, பெட்டி மட்டும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் வருஷா வருஷம் 'உள்ளது' என்று ஏறியிருக்கிறது. துருத்தியை எலி கடித்திருந்தது. ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோனேன். பழுது பார்ப்பவர் திறந்து, ஊதி, ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். "ரெண்டு ரீடு போச்சு. மத்ததெல்லாம் பேசும்," என்றார். போனது எந்த இரண்டு என்று கேட்டேன், தாரம் என்று பெயர் வைத்த பெண்ணை நினைத்துக்கொண்டு. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். டீச்சரும் கூட வந்து வாசித்துப் பார்த்து வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். ரசீதைப் பள்ளிப் பெயரில் போடுவதா என் பெயரில் போடுவதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. பள்ளிப் பெயரில் போட்டால் மூன்று கொட்டேஷன் வேண்டுமாம்.